அட்டாக் ஆன் டைட்டன் 2: பாதியில் நின்றால், திணறினால், பேசாவிட்டால்

ஒமேகா ஃபோர்ஸ் குழு உருவாக்கி, கோயி டெக்மோ நிறுவனம் 2018 மார்ச்சில் வெளியிட்ட அட்டாக் ஆன் டைட்டன் 2, அதே பெயரில் வந்த ஜப்பானிய அனிமேஷன் தொடரின் (அனிமே) முதல் இரண்டு பருவங்களின் கதையை 104ஆம் பயிற்சிப் படையில் சேரும் ஒரு புதிய வீரரின் நாட்குறிப்பு வழியாகச் சொல்லும் ஆட்டம். இடுப்பில் கட்டிய கம்பிக் கருவியால் பறந்து, மனிதரைத் தின்னும் டைட்டன் எனும் அரக்கர்களின் பிடரியை அறுத்து வீழ்த்துவதுதான் இதன் வேலை என்பதால், ரத்தமும் துண்டாகும் உறுப்புகளும் திரை நிறைய வரும்; வயது வந்தோருக்கான ஆட்டம் இது, வீட்டில் சிறுவர் இருந்தால் அதை மனத்தில் கொள்ளவும். கம்பம் பள்ளத்தாக்கிலும், மலை ஏறினால் கேரளப் பக்கம் குமுளி, வண்டன்மேடு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலும் இதை விண்டோஸ் கணினியில், ஸ்டீம் என்ற இணைய ஆட்டக்கடை வழியாக வாங்கி ஆடுகிறவர்களை எண்ணி இந்த வழிமுறை எழுதப்பட்டது. இதே குழுவின் பிற அனிமே ஆட்டங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பழுது என்றவுடன் ஆட்டத்தை நீக்கிவிட்டு மறுபடி இறக்குவது பலரது வழக்கம். மலையில் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்களுக்கு அது இரண்டு மூன்று நாள் டேட்டாவை விழுங்கும் வேலை. பெரும்பாலும் பயனும் இராது, ஏனென்றால் கோளாறு ஆட்டத்தின் கோப்புகளில் இருப்பது குறைவு. ஆட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. திறக்கும் முன்பா, கதைக் காட்சி ஓடும்போதா, சண்டை உச்சத்திலா, சேவ் செய்யும் நொடியிலா என்பது தெரிந்துவிட்டால், கோளாறு விண்டோஸிலா, வெப்பத்திலா, மின்சாரத்திலா, கோப்பிலா என்பது பாதி விளங்கிவிடும். புதிதாக வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால்தான் ஸ்டீம் வழக்கமாகப் பணத்தைத் திருப்பித் தரும், அந்த 2 மணி நேரக் கணக்கில் கருந்திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நேரமும் சேரும்.

சொடுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை

ஸ்டீமில் 'விளையாடு' என்பதை அழுத்தியதும் பொத்தான் ஒரு கணம் நிறம் மாறிப் பழைய நிலைக்கே திரும்பிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. அப்போது நூலகத்தில் ஆட்டத்தின் பெயர் மேல் வலது சொடுக்கு சொடுக்கி, பிராப்பர்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், வெரிஃபை என்ற வரிசையில் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கெட்டுப்போன கோப்பை மட்டும் ஸ்டீம் மறுபடி இறக்கும், முழு ஆட்டத்தையும் அல்ல. சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பு காணாமல் போனால், ஆன்டிவைரஸ் அதைத் தூக்கித் தனிமைப்படுத்துகிறது என்று கொள்ளலாம். ஆன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலைப் பார்த்து, ஆட்டத்தின் கோப்புறைக்கு விலக்கு கொடுத்தால் போதும்.

எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 என்று தொடங்கும் டிஎல்எல் கோப்பு இல்லை என்ற செய்தி வந்தால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2015–2022 தொகுப்பை அவர்களது தளத்திலிருந்தே நிறுவ வேண்டும். 64 பிட் விண்டோஸாக இருந்தாலும் எக்ஸ்64, எக்ஸ்86 ஆகிய இரண்டையும் நிறுவிவிடுவது நல்லது. அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கி சிஸ்டம் கோப்புறையில் ஒட்டிவைக்கும் பழக்கம் நம்மூரில் நிறைய உண்டு. 32 பிட் கோப்பும் 64 பிட் கோப்பும் கலந்துபோய், '7பி' என்று முடியும் நீண்ட பிழை எண் வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

கதைக் காட்சி வரும்போது கருந்திரை

பட்டியல் திரை வரை எல்லாம் சரியாக வந்து, காட்சி தொடங்கியதும் திரை கறுப்பாகி ஒலி மட்டும் கேட்டாலோ, ஆட்டமே மூடிக்கொண்டாலோ, விண்டோஸில் வீடியோவை ஓட்டும் பகுதியைச் சந்தேகிக்கலாம். விண்டோஸின் 'என்' பதிப்பில் மீடியா ஃபீச்சர் பேக் இருக்காது; அமைப்புகளில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியிலிருந்து அதைச் சேர்த்துக் கணினியை ஒருமுறை அணைத்துத் திறக்க வேண்டும். லினக்ஸிலோ ஸ்டீம் டெக்கிலோ ஆடுகிறவர்களுக்குக் காட்சிக்குப் பதிலாகப் பழைய தூர்தர்ஷன் பாணியில் நிறப்பட்டைகள் தெரிந்தால், விண்டோஸ் ஆட்டங்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானின் அங்குள்ள பதிப்பால் அந்த வீடியோவைப் படிக்க முடியவில்லை என்று பொருள். ஜிஇ புரோட்டான் என்ற மாற்றுப் பதிப்பில் பெரும்பாலும் அது ஓடிவிடும்.

தொடக்கத்திலிருந்தே கறுப்பாக இருந்தால் கதை வேறு. இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் ஆட்டம் தவறான சிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்ற இடத்துக்குப் போய், ஆட்டத்தின் இஎக்ஸ்இ கோப்பைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று குறித்துவிடுங்கள்.

சண்டை சூடு பிடித்ததும் திணறுகிறது

முகாமில் நடந்து பேசும்போது வெண்ணெயாக ஓடும் ஆட்டம், நாலைந்து அரக்கர்கள் சூழ்ந்து, கம்பியை வீசிக் கூரைகளுக்கு மேலே சுழலத் தொடங்கியதும் விட்டு விட்டு ஓடும். பையன்கள் இதை 'லேக் அடிக்குது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் தொடக்கத்திலிருந்தே திணறுவது வேறு, கால் மணி நேரம் நன்றாக ஓடிய பிறகு திணறுவது வேறு, நொடிக்கொருமுறை குத்துவது போல் நிற்பது வேறு. ஒரு நொடிக்கு 60 படம் ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் கணினிக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடிதான். எங்கே அது பிந்துகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கால் மணி கழித்துத் திணறினால் வெப்பம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை ஓடவிட்டு ஆடுங்கள். திணறல் தொடங்கியதும் ஆல்ட்+டேப் அழுத்தி அங்கே வந்து பார்த்தால், சிபியுவின் வேகம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தது சட்டென்று 1 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழுந்து கிடக்கும். சிபியு 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆட்டத்தின் மேல் பிழை இல்லை. கோடையில் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கம் மின்விசிறிக்கு அடியில் மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ஆடினால் அடிப்பக்கக் காற்றுத் துளைகள் மூடிக்கொண்டு இது நடக்கும். பலகையின் மேல் வைத்தாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் திறந்து பார்க்க வேண்டும். அடித்தகட்டைக் கழற்றி, ஃபேனுக்கும் செப்புத் தகட்டு அடுக்குக்கும் இடையே உள்ள இடுக்கை டார்ச் அடித்துப் பாருங்கள்: அங்கே ஃபெல்ட் துணி மாதிரி ஒரு சாம்பல் நிறத் தூசிப் பாய் படர்ந்திருக்கும். வெளியிலிருந்து புளோயர் அடித்தால் அது உள்ளேயே இன்னும் இறுகும். ஃபேனை விலக்கி, பாயை இடுக்கியால் அப்படியே உரித்தெடுக்க வேண்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவும், வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெட்டுவிடும். மூன்று நான்கு வருடப் பழைய லேப்டாப் என்றால் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடலாம். காய்ந்த பேஸ்ட் சுண்ணாம்புக் கட்டி போலப் பொரிந்து வரும்.

தொடக்கத்திலிருந்தே திணறினால் இரண்டு இடங்களைப் பார்க்கவும். ஒன்று சார்ஜர். லேப்டாப்போடு வந்தது தொலைந்துபோய்க் குறைந்த வாட் சார்ஜரைச் செருகி ஆடினால், மின்சாரம் போதாமல் இயந்திரம் மெதுவாகவே ஓடும், பேட்டரி ஏறுவதாகக் காட்டினாலும் கூட. இன்னொன்று ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படத்துக்கும் அதே ரேம்தான் வேலை செய்கிறது. 8 ஜிபி ஒரே பட்டையாக இருப்பதை விட 4 ஜிபியாக இரண்டு பட்டை இருந்தால் தகவல் செல்லும் பாதை இரட்டிப்பாகும். கிராபிக்ஸ் அமைப்புகளைக் குறைப்பது, நிழலை அணைப்பது எல்லாம் இவற்றுக்குப் பிறகு.

நொடிக்கொருமுறை குத்தி நின்றால் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். கூரை மேல் வேகமாகத் திரும்பும்போது புதிய தெருவும் வீடுகளும் வட்டிலிருந்து ஏற வேண்டியிருப்பதால் சுழலும் ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்கும். ஆட்டத்தை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள். ஸ்டீமில் 'மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர்' என்றே ஒரு வழி இருக்கிறது.

கணினியே பட்டென்று அணைந்துவிடுகிறது

ஆட்டம் மூடிக்கொள்வதும் கணினி அணைவதும் ஒன்றல்ல. திரை, விளக்கு, ஃபேன் எல்லாம் ஒரே நேரத்தில் நின்று, சில சமயம் தானே மறுபடி தொடங்கினால், ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதிக்குப் போய் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் திடீரென்று போனது, அல்லது கணினி சரியாக மூடப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் என்று அது சொல்லாது. 41 என்பதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் தரும் பெட்டி) மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

எல்லைப் பக்கத்தில் இதற்கான முதல் காரணம் மின்னழுத்தம். வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். ஏலக்காய் அறுவடைக் காலத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ஸ்டோர்களில் உலர்த்தும் இயந்திரங்களும் மோட்டார்களும் ஓடத் தொடங்கும் மாலை வேளையில், லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் டியூப்லைட் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கும். சும்மா இருக்கும் கணினி அந்தக் கணத்தைத் தாங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டு முழுச் சுமையில் இருக்கும் சண்டைக் காட்சியில் தாங்காது. ஆகவே 'எப்போதும் அந்த ஒரு கட்டத்தில்தான் அணைகிறது' என்று சொல்பவர்களிடம், எந்தக் கட்டம் என்பதோடு எத்தனை மணிக்கு என்பதையும் கேட்பது என் வழக்கம். குமுளியில் ஒரு தம்பி, "அண்ணே, அந்தப் பெரிய டைட்டன் வந்தாலே கரண்டு போயிடுது" என்றான். அவன் அந்தக் கட்டத்துக்கு வருவது தினமும் டியூஷன் முடிந்த பின், ஸ்டோர் ஓடும் நேரத்தில். ஞாயிறு காலையில் அதே கட்டத்தை ஆடச் சொன்னேன். டைட்டன் வந்தது, கரண்டு போகவில்லை.

யுபிஎஸ் இருந்தும் அணைந்தால் அதன் திறனைக் கணக்கிடுங்கள். 600 விஏ என்று விற்கும் யுபிஎஸ்களில் பல 360 வாட் வரைதான் தரும். ஜிடிஎக்ஸ் 1660 கார்டு ஒன்றே சுமார் 120 வாட் இழுக்கும். சிபியு, மானிட்டர், ஃபேன், வட்டு எல்லாம் சேர்ந்து, அதோடு வைஃபை ரூட்டரையும் ஸ்பீக்கரையும் அதே பெட்டியில் செருகியிருந்தால், பேட்டரிக்கு மாறும் அந்த ஒரு கணத்தில் பழைய யுபிஎஸ் கை விரித்துவிடும். ஸ்பீக்கரையாவது வேறு பிளக்கில் மாற்றுங்கள். பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் யுபிஎஸ்ஸை மாற்றும் முன் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம்.

ஐப்பசியில் மாலை இடி தொடங்கிவிட்டால் மலைப்பக்கத்தில் ஆட்டமே வேண்டாம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையும் பிராட்பேண்ட் வயரையும் சேர்த்துக் கழற்றிவிட வேண்டும். மின்னல் ஏறுவது ரூட்டர் வழியாகவும்தான். எர்த் இல்லாத பழைய எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சர்ஜ் புரொடெக்டருக்கு முழுப் பயன் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீர் என்று இழுத்தால் எர்த் சரியில்லை என்று கொண்டு, முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மின்னழுத்தம் சீராக இருந்தும் அணைந்தால்தான் எஸ்எம்பிஎஸ். அதைத் திறக்க வேண்டாம், உள்ளே உள்ள கெபாசிட்டரில் பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்சாரம் நிற்கும். பின்பக்கச் சல்லடை வழியாக எறும்பு வரிசை போய்வருவதைக் கண்டால் காரணம் விளங்கிவிடும். வேறு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிச் சோதிப்பதே நேரான வழி.

திரை கறுத்து, இரண்டு நொடியில் டெஸ்க்டாப் தெரிகிறது

கணினி அணையவில்லை, ஆட்டம் மட்டும் போய்விட்டது. கிராபிக்ஸ் கார்டு இரண்டு நொடிக்கு மேல் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மீட்டு இயக்கும். ஈவன்ட் வியூவரில் 'டிஸ்ப்ளே 4101' என்று பதிவாகும். கார்டை ஓவர்கிளாக் செய்திருந்தால் (இயல்பை மீறிய வேகத்தில் ஓட்டியிருந்தால்) முதலில் அதை எடுத்துவிடுங்கள். பிறகு டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற கருவியால் சேஃப் மோடில் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். அண்மையில் டிரைவரைப் புதுப்பித்த பிறகுதான் இது தொடங்கியது என்றால், முந்தைய பதிப்புக்கே திரும்புங்கள்.

4101 இல்லாமல், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ஆட்டம் விழுந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். ஆடி மாதச் சாரலில் வாரக்கணக்கில் வெயில் காணாத குமுளி வீடுகளில், ரேம் பட்டையின் தங்க நிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம் ஏறிவிடுகிறது. பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்திப்பிடித்து மிச்ச மின்சாரத்தைப் போக்கி, பட்டையை எடுத்து வெள்ளை ரப்பரால் பற்களை ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, ரப்பர்த் துகளைத் துடைத்துவிட்டு, 'டக்' என்ற ஒலி கேட்கும் வரை அழுத்திச் செருகவும். அதன்பின் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிட்டு, பிழை காட்டினால் பட்டையை மாற்ற வேண்டியதுதான்.

இசை கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை

வாள் ஓசையும் பின்னணி இசையும் நன்றாக வரும், பாத்திரங்கள் வாயசைப்பார்கள், குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். விண்டோஸ் ஒலி அமைப்பில் 5.1 என்று இருந்து, மேசையில் இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டுமே இருக்கின்றன என்று பொருள். பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. அந்த ஸ்பீக்கர் உங்களிடம் இல்லை. ஸ்பீக்கர் அமைப்பை 'ஸ்டீரியோ' என்று மாற்றினால் கதையின் நாயகி மிக்காசா பேசிவிடுவாள்.

விசை அழுத்தினால் நகரவில்லை

பட்டியலில் மவுஸ் வேலை செய்கிறது, ஆட்டத்துக்குள் டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகள் அசையவில்லை என்றால், பணிப்பட்டையின் வலது மூலையில் மொழியைப் பாருங்கள். தமிழோ மலையாளமோ தட்டச்சு செய்துவிட்டு அப்படியே ஆட்டத்தைத் திறந்திருப்பீர்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறுங்கள்.

கன்ட்ரோலர் என்றால், மலிவு விலைக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் எக்ஸ்-இன்புட், டி-இன்புட் என இரண்டு நிலைகள் உண்டு. பின்பக்கச் சுவிட்சையோ நடுப்பொத்தானை அழுத்திப்பிடிப்பதையோ கொண்டு எக்ஸ்-இன்புட்டுக்கு மாற்றவும். வீரர் தானே ஒருபக்கம் நகர்ந்துகொண்டே இருந்தால் அது குச்சியின் தேய்மானம். ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பில் டெட்சோனை (குச்சியின் சிறு அசைவைக் கணக்கில் எடுக்காத எல்லையை) சிறிது கூட்டினால் தற்காலிகமாகச் சமாளிக்கலாம்.

சேவ் ஆகவில்லை, அல்லது மறுநாள் காணவில்லை

ஆட்டம் உங்கள் டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் கோயி டெக்மோ என்ற பெயரில் ஒரு கோப்புறை ஏற்படுத்தி அங்கேதான் சேமிக்கிறது. அந்த இடத்தில் எழுத முடியாமல் போவதற்கு மூன்று காரணங்கள் வழக்கம். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயக்கத்தில் இருந்தால் ஆட்டத்தை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒன்டிரைவ் டாக்குமென்ட்ஸை இணையத்துக்கு எடுத்துப்போயிருந்து, இணைப்பும் இல்லாவிட்டால், கோப்பு இருந்தும் இல்லாததாகிவிடும். அந்த ஒத்திசைவை நிறுத்தி, கோப்புறையைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளவும். மூன்றாவது நமக்கே உரியது: விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழிலோ மலையாளத்திலோ வைத்திருந்தால், கோப்புறைப் பாதையிலும் அந்த எழுத்துகளே வரும்; பழைய முறையில் எழுதப்பட்ட ஆட்டங்கள் அதைப் படிக்கத் தெரியாமல் தடுமாறும். கணக்கின் காட்சிப் பெயரை மாற்றினால் கோப்புறையின் பெயர் மாறாது என்பதால், ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கி அதில் ஆடுவதே குறுக்கு வழி.

இரண்டு கணினிகளில் ஆடுகிறவர்களுக்கு ஸ்டீம் 'கணினியில் உள்ளதா, கிளவுடில் உள்ளதா' என்று கேட்டால் அவசரமாக எதையும் அழுத்த வேண்டாம். இரண்டின் தேதியையும் அது காட்டும். முதலில் கோயி டெக்மோ கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்து வைத்துவிட்டு, பிறகு தேர்ந்தெடுங்கள்.

பழுதே அல்லாதவை

குரல் ஜப்பானிய மொழியில் மட்டுமே வருகிறது என்பது குறை அல்ல. இந்த ஆட்டத்தில் ஆங்கிலக் குரல் கிடையாது, எழுத்தை மட்டும் மாற்றலாம். கத்தி பிடரியில் பட்டும் அறுக்கவில்லை என்றால், தேய்ந்த கத்தியோடு அல்லது போதிய வேகம் இல்லாமல் பாய்ந்திருப்பீர்கள்; கம்பிக் கருவியின் வாயு தீர்ந்தால் பறக்கவும் முடியாது. இரண்டையும் களத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டியது ஆட்டத்தின் விதி. முகாமில் சுற்றிச் சுற்றி வந்தும் அடுத்த சண்டை திறக்காவிட்டால், வரைபடத்தில் கதைக்குறி இட்ட இடத்தில் யாரிடமோ பேசாமல் விட்டிருக்கிறீர்கள். 2019இல் வந்த ஃபைனல் பேட்டில் கூடுதல் தொகுப்பு வாங்காதவர்களுக்கு மூன்றாம் பருவக் கதை வராது.

இத்தனையும் பார்த்த பிறகும் தீராவிட்டால் மறுபடி நிறுவலாம். நீக்கும் முன் சேவ் கோப்புறையை வெளியே எடுத்து வைக்கவும்; டவுன்லோடு செய்ய ஊரில் ஃபைபர் இணைப்புள்ள உறவினர் வீடு இருந்தால், அங்கே இறக்கி, ஸ்டீமின் 'பேக்கப்' வசதியால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு வந்து, உங்கள் கணினியில் 'ரீஸ்டோர்' கொடுக்கலாம். சிறிய புதுப்பிப்புகளுக்கு மட்டும் ஹாட்ஸ்பாட் போதும்.